சேவை மன்றத் தலைவர் மறைந்துவிட்டார்: சிலையா, மலரா, அறக்கட்டளையா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பொதுநல மன்றத் தலைவர் காலமாகிவிட்டார். ரத்தக் கொடையாளர் பட்டியல், ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கண்தானத்துக்கு ஏற்பாடு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்துப்போட்டுச் செய்தவர். காரியம் முடிந்ததும் படத்திறப்பு வைக்கப் போகிறோம். பேருந்து நிலையம் அருகே மார்பளவுச் சிலை வேண்டும் என்கிறார்கள் சிலர். நினைவு மலர் என்கிறார்கள் சிலர். அவர் பெயரில் அறக்கட்டளை என்கிறார்கள் மற்றவர்கள். கையில் 3 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. எதைச் செய்வது, எப்படிச் செய்வது?

பதில்:

இந்த மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் பார்த்துவந்த வேலைகளில் எது அடுத்த மாதமே நின்றுபோகும் என்று கண்டுபிடியுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ‘ஓ நெகட்டிவ் வேணும்ணே’ என்று அவர் எண்ணுக்குக் கூப்பிடுகிறவருக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வந்தால், நீங்கள் மண்டபத்தில் எவ்வளவு பெரிய படம் திறந்தாலும் பயனில்லை. சிலை ஆறு மாதம் காத்திருக்கும். அந்த எண் காத்திருக்காது.

அந்த எண்ணிலிருந்தே தொடங்குங்கள். ஊருக்கு மன்றம் என்பதே அந்தப் பத்து இலக்கம்தான். பெரும்பாலும் அது அவருடைய சொந்த ப்ரீபெய்ட் சிம்மாக இருக்கும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நிறுவனம் இணைப்பைத் துண்டித்துவிடலாம். பிறகு அதே எண் வேறு யாருக்காவது போய்விடும். குடும்பத்தாரிடம் சொல்லி ரீசார்ஜ் விடாமல் போடச் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழையும் வாரிசின் அடையாள அட்டையையும் கொண்டுபோனால் எண்ணை வாரிசு பெயருக்கு மாற்றித் தருவார்கள். மாற்றிய பிறகு, அவர்கள் சம்மதித்தால் அழைப்புகளை மன்றத்து ஆள் ஒருவருக்குத் திருப்பிவிடலாம். அதுவரை அந்த போனை மன்றத்துக்காரர்கள் கையில் வைத்திருக்க வேண்டாம். அதில் அவருடைய வங்கிச் செயலியும் ஓடிபி வரும் வழியும் இருக்கின்றன. நாளைக்கு ஒரு ரூபாய் இடறினாலும் பழி உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது அவருடைய நோட்டு. பழைய தலைவர்கள் கொடையாளர் பட்டியலை நீள நோட்டில் ரத்த வகை வாரியாக எழுதி, கடைசியாகக் கொடுத்த தேதியைப் பென்சிலால் குறித்திருப்பார்கள். அதை அப்படியே படம் எடுத்து வைத்துவிட்டு, இருவர் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றுங்கள். ஏற்றும்போதே ஒவ்வொருவருக்கும் போன் செய்து தலைவர் மறைந்த செய்தியைச் சொல்லி, ‘பட்டியல்ல தொடர்ந்து இருக்கீங்களா?’ என்று கேளுங்கள். 65 வயது தாண்டியவர்களை எடுத்துவிடலாம். எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கும் குறையக் கூடாது. ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். ஊர் மாறியவர்கள், வெளிநாடு போனவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடத் தொடங்கியவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் பட்டியல் நன்றாகச் சுருங்கிவிடும். அதில் மனம் தளர வேண்டாம். அவசர நேரத்தில் ஐந்நூறு பெயர் இருந்தும் யாரும் கிடைக்காமல் போவதைவிட, கூப்பிட்டால் வரக்கூடிய நூறு பேர் இருப்பது மேல். எந்த எண்ணில் பேசினால் எடுப்பார், எந்த நேரத்தில் எடுக்க மாட்டார் என்பதெல்லாம் தலைவரின் மனக்கணக்கில் இருந்தவை. இந்த ஒரு சுற்று அழைப்பில்தான் அவை மறுபடி எழுத்துக்கு வரும்.

கண்தான வேலையில் தவறு வந்தால் திருத்த முடியாது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். தகவல் வந்தவுடன் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, வீட்டாரிடம் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: மின்விசிறியை நிறுத்துங்கள் (குளிர்சாதனம் ஓடலாம்), இமைகளை மூடுங்கள், மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்கடியில் இரண்டு தலையணை கொடுத்து உயர்த்துங்கள். மின்விசிறிக் காற்றில் கருவிழி காய்ந்துவிடும். தலை தாழ்ந்திருந்தால் எடுக்கும்போது ரத்தம் கசியும். அதற்குத்தான் இத்தனையும். மருத்துவர் தரும் இறப்புச் சான்று தயாராக இருக்கட்டும். எடுக்க வருகிறவர்களுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது, முகம் விகாரமாகாது. வயது, கண்ணாடி, சர்க்கரை நோய், கண்புரை அறுவை இவை எதுவும் தடையில்லை. வெறிநாய்க்கடி, எச்ஐவி, பி, சி வகை மஞ்சள் காமாலை, ரத்தப் புற்று போன்றவை இருந்தால் எடுக்க மாட்டார்கள். உறுதிமொழி அட்டை இருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டார் சம்மதம் வேண்டும். அட்டையே இல்லாவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும். துக்க வீட்டில் இதைக் கேட்கும் பக்குவம் எல்லோருக்கும் வராது. தலைவரோடு கூடப் போய்வந்தவர் யாராவது இருப்பார். அவரிடமே இந்த வேலையைக் கொடுங்கள்.

மாலை வகுப்பில் வாடகையும் ஆசிரியர் தொகையும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். பல ஊர்களில் அது தலைவரின் பென்ஷனிலிருந்தே போயிருக்கும், வீட்டாருக்கேகூடத் தெரிந்திருக்காது. கல்வியாண்டு முடியும் ஏப்ரல் வரைக்கான தொகையை 3 லட்சத்திலிருந்து முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அரசுப் பள்ளிக் கட்டடத்தில் நடப்பதாக இருந்தால் அனுமதிக் கடிதம் அவர் பெயரில் இருக்கும். தலைமையாசிரியரிடம் மன்றத்தின் பெயரில் புதிதாக வாங்குங்கள்.

இனி வங்கிக் கணக்கு. மன்றம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானதாக இருந்தால் வழி நேரானது. செயற்குழுவைக் கூட்டி, இரங்கல் தீர்மானத்தோடு புதிய தலைவர் தேர்வையும் கையெழுத்து அதிகார மாற்றத்தையும் நிறைவேற்றி, தீர்மான நகலையும் இறப்புச் சான்றையும் வங்கியில் கொடுங்கள். நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7-ஐப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். இதை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு கழித்துப் போனால் அபராதமும் அலைச்சலும்தான் மிச்சம். சிக்கல் எங்கே வரும் என்றால், மன்றப் பணம் தலைவரின் சொந்தக் கணக்கில் இருந்திருந்தால்தான். சட்டப்படி அந்தத் தொகை வாரிசுகளுக்குப் போகும். ரசீதுப் புத்தகமும் வரவு செலவு நோட்டும் இருந்தால் எவ்வளவு மன்றத்தினுடையது என்று காட்டி, குடும்பத்தாரிடமிருந்து காசோலையாக வாங்கலாம். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். காரியம் முடிந்து, அவர்கள் நம்பும் ஒரு பெரியவரை முன்னிட்டுக் கேளுங்கள். இறப்புப் பதிவு 21 நாளுக்குள் நடந்தால் கட்டணம் இல்லை. சான்றின் நகல் பல இடத்தில் கேட்பார்கள், பத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு படத்திறப்புக்கு வரலாம்.

படம்தான் நிகழ்ச்சியின் மையம். பெரும்பாலான ஊர்களில் கெட்டுப்போவதும் அதுதான். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைக் கொடுத்து 20க்கு 30 அங்குலத்தில் போடச் சொல்வார்கள். அந்தச் செயலி படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக்கினால் முகம் மெழுகுபோல வழிந்து நிற்கும். அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தாலே 3000க்கு 4500 புள்ளி வேண்டும். எடுத்த கேமராவிலிருந்தோ போனிலிருந்தோ மூலக் கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய அச்சுப் படம் என்றால் 600 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோவில் முகத்தை வெளுப்பாக்கி, வேறொருவர் கோட்டை மாட்டிவிடுவதற்குக் கண்டிப்பாக ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டைப்பையில் பேனாவும் கையில் நோட்டுமாக அவர் நின்ற படம் ஒன்று எங்காவது இருக்கும், அதுதான் அவர். பளபளக்கும் கண்ணாடி போட்டால் மேடை விளக்கு அதில் விழுந்து முன்வரிசைக்கு முகம் தெரியாது. மேட் பரப்பில் அச்சிட்டுக் கண்ணாடி இல்லாமல் சட்டம் போடலாம். திரையைச் சட்டத்தின் ஆணியில் மாட்டிவிட்டு, இழுக்கும்போது படமே சாய்வது பல மேடைகளில் நடந்திருக்கிறது. திரைக்குத் தனிக் கம்பி வையுங்கள், முந்தைய நாள் இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். மாலை படத்தின் மேல்விளிம்பிலிருந்து பக்கவாட்டில் தொங்கட்டும், முகத்தை மறைக்க வேண்டாம். குத்துவிளக்கைத் திரைத் துணியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

பேச்சாளர் பட்டியலை அவர் பார்த்த வேலையை வைத்துப் போடுங்கள், பதவியை வைத்துப் போடாதீர்கள். அரசு மருத்துவமனை ரத்த வங்கி ஊழியர் ஒருவர், மாலை வகுப்பில் படித்து வேலைக்குப் போனவர் ஒருவர், கூடவே அலைந்த தொண்டர் ஒருவர், குடும்பத்தில் ஒருவர், அவரோடு கருத்து மாறுபட்டு மன்றத்தை விட்டுப் போன பழைய நண்பர் ஒருவர். கடைசி ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று நாலு பேர் சொல்வார்கள், கூப்பிடுங்கள். அவர் பேசும்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆளுக்கு ஆறு நிமிடம், ஏழு பேருக்கு மேல் வேண்டாம், மொத்தம் இரண்டு மணி நேரத்தில் முடியட்டும். அழைக்கும்போதே ‘நீங்க நேர்ல பார்த்த ஒரு சம்பவம் மட்டும் சொல்லுங்க’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் ‘அவரைப் பற்றிச் சொல்ல வார்த்தைகளே இல்லை’ என்று தொடங்கி இருபத்தைந்து நிமிடம் பேசுவார்கள். சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தால் படத்தைத் திறக்க அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் வந்ததும் மலரஞ்சலி செலுத்திப் பேசட்டும். படத்தைத் திறப்பது வகுப்பில் படித்தவரோ முதல் கொடையாளரோவாக இருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. மேடையில் பொன்னாடை கிடையாது என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். பாதி நேரம் மிச்சம்.

உதவி பெற்றவர்களை மேடையேற்றி ‘நான் சோத்துக்கு இல்லாம இருந்தேன்’ என்று சொல்லவைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். தாமாக வந்து பேச விரும்பினால் பேசட்டும். படிக்கிற பிள்ளைகளை அப்படி நிறுத்தவே கூடாது. மறுநாள் பள்ளியில் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள்.

இரங்கல் தீர்மானம் நான்கு வரி போதும்: யார், எந்த ஆண்டு முதல் எந்தப் பணி, மறைந்த நாள், அந்தப் பணியை இன்னார் பொறுப்பில் மன்றம் தொடரும் என்ற முடிவு. கடைசி வரி இல்லாத தீர்மானங்கள்தான் ஊரில் நிறைய. மௌன அஞ்சலிக்கு ஒருவர் கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடத்தில் முடித்துவைக்க வேண்டும்.

சாப்பாடு போட்டால் கூட்டத்தின் நோக்கம் பந்திக்குப் போய்விடும். தேநீரும் சுண்டலும் போதும். 250 பேருக்குக் கொண்டைக்கடலை 10 கிலோ கணக்கு. ஊறி வெந்தால் இரண்டேகால் மடங்குக்கு மேல் வரும், ஆளுக்குத் தொன்னையில் 90 கிராம் தேறும். முந்தைய இரவே ஊறப்போடாவிட்டால் நடுவில் மாவு வேகாது. தேங்காய் போட்டால் மாலைக்குள் ஊசிவிடும்; பரிமாறும் முன் தூவச் சொல்லுங்கள். தேநீருக்கு 12 லிட்டர் பால் சரியாக இருக்கும்.

ஊர் முழுக்க பிளெக்ஸ் வைப்பதைப் பற்றி ஒரே வரி: 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்தார். உள்ளாட்சி அனுமதி இல்லாமல் ஒன்றுகூட வைக்காதீர்கள், சாலை நடுவில் அனுமதி கிடைத்தாலும் வைக்காதீர்கள்.

படத்திறப்பு அன்றே ரத்ததான முகாம் நடத்தலாமே என்று தோன்றும். நடத்தலாம், ஆனால் யோசித்துச் செய்யுங்கள். உரிமம் பெற்ற ரத்த மையத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு படுக்கையில் ஒருவருக்குக் கால் மணி நேரம் என்றால், நான்கு படுக்கையில் மூன்று மணி நேரத்தில் 48 பேர்தான் முடியும். இருநூறு பேரைத் திரட்டினால் வெயிலில் காத்திருந்து எரிச்சலோடு திரும்புவார்கள்; அடுத்த தடவை வர மாட்டார்கள். வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுவது இன்னொரு தொல்லை. சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய விஷயம், சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும், தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாள்தான். ஆண்டுக்கு ஒரே நாளில் பெரிய முகாம் நடத்திப் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டால், எடுத்ததில் ஒரு பகுதி காலாவதியாகிக் கீழே போகும். ஜூன் 14, அக்டோபர் 1 இரண்டும் ரத்ததான நாள்கள். அந்த வாரங்களில் எல்லோரும் முகாம் நடத்துவார்கள், நீங்கள் வேறு வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருப்பதால் கொடையாளர் கிடைப்பது கஷ்டம். ரத்த வங்கியிலேயே எந்த மாதம் தட்டுப்பாடு என்று கேட்டு, ஆண்டுக்கு நான்கு சிறிய முகாமாக, ஐம்பது பேர் வீதம் பிரித்துவிடுங்கள். அவர் பெயரில் செய்யக்கூடியவற்றில் இதற்கு நிகராக எதுவும் இல்லை என்பது என் கருத்து.

நினைவு மலர் கட்டாயம் போடுங்கள், ஆனால் படத்திறப்புக்குள் முடிக்க அவசரப்படாதீர்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வைத்துக்கொண்டால்தான் தகவல் சேரும். அவசர மலரில் என்ன இருக்கும்? வாழ்த்துரைபோல இரங்கலுரை, நகைக்கடை விளம்பரம், ஒரே கவிதையின் ஐந்து வடிவம். இதில் யாழ்ப்பாணத்தாரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. அங்கே 31ஆம் நாள் கிரியையில் வழங்கும் ‘கல்வெட்டு’ என்ற சிறு நூலில் தேவாரத்தோடு வம்சாவளி, ஊர், படித்த பள்ளி, பார்த்த வேலை எல்லாம் அச்சாகும். குடும்பத்துக்காகப் போட்ட அந்த மலர்களை, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனம் டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்று அவையே ஆவணம். உங்கள் மலரும் ஐம்பது ஆண்டு கழித்து அப்படிப் பயன்பட வேண்டும் என்றால் தேதிகள் சரியாக இருக்க வேண்டும். பள்ளிச் சான்றில் உள்ள பிறந்த தேதியும் ஜாதகத்தில் உள்ளதும் வேறு வேறாக இருக்கும். இரண்டையும் போட்டு எது எங்கிருந்து என்று குறியுங்கள். ‘சுமார் 1990 வாக்கில்’ என்று யாராவது சொன்னால் மன்றத்தின் ஆண்டறிக்கை, ரசீது, அழைப்பிதழ் எதையாவது தேடி உறுதி செய்யுங்கள்.

அவரோடு பழகிய பெரியவர்களின் பேச்சை இப்போதே பதியுங்கள். எண்பது வயதுக்காரர்களிடம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. போன் ரெக்கார்டரே போதும்: மின்விசிறியை நிறுத்தி, போனைத் துண்டின் மேல் வைத்து, ஒருவருக்கு முக்கால் மணி நேரம். ‘தலைவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்றுதான் வரும். ‘காசு பத்தாதப்ப யார்கிட்ட போய் நிப்பார்?’, ‘யாரோட சண்டை போட்டிருக்கார்?’, ‘எந்த வேலையை ஆரம்பிச்சு முடியாம விட்டார்?’ என்று கேளுங்கள், கதை கொட்டும். அச்சில் போடச் சம்மதமா என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோய்க்கு உதவி பெற்றவர்களின் பெயரை, குறிப்பாகக் காசநோய், எச்ஐவி போன்றவற்றில், எந்த நல்லெண்ணத்திலும் அச்சிடக் கூடாது.

அளவு டெம்மி 1/8, 64 பக்கம், 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் என்றால் கையடக்கமாக இருக்கும். ஒரு தாளில் 16 பக்கம் கொண்ட ஃபாரமாக அச்சாவதால் பக்க எண்ணிக்கை 16-இன் மடங்கில் நிற்பது சிக்கனம். 66 பக்கம் வந்தால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டியிருக்கும். முந்நூறு படிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, மேலே போனால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். அச்சானதும் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு படி அனுப்புங்கள். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி வெளியீடுகளைப் பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அங்கே போனது தொலையாது. மாவட்ட மைய நூலகத்துக்கும் அவர் படித்த பள்ளிக்கும் ஒவ்வொன்று.

அவர் விட்டுப்போன கடிதம், அழைப்பிதழ், புகைப்படங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். பத்திரப்படுத்துவதாக நினைத்துப் பலர் செய்வது இது. சூட்டில் படம் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிந்ததை செல்லோ டேப் போட்டு ஒட்டினால் சில ஆண்டில் மஞ்சள் பாய்ந்துவிடும். படத்தின் பின்னால் மென்பென்சிலால் ஓரத்தில் பெயரும் ஆண்டும் எழுதி, ஸ்கேன் செய்து, மூன்று இடத்தில் கோப்பை வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

சிலை விஷயம். பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடம் எதிலும் சிலையோ கட்டுமானமோ அமைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே பேருந்து நிலையம் அருகே என்ற பேச்சு அங்கேயே முடிகிறது. ‘ராத்திரியோடு ராத்திரியா வெச்சிட்டா யார் எடுப்பா’ என்பார்கள். எடுப்பார்கள், தார்ப்பாய் சுற்றிய சிலை தாலுகா அலுவலக வராந்தாவில் கிடக்கும், அதைவிட அவமானம் அவருக்கு வேறில்லை. மன்றத்துக்குச் சொந்தமான இடம் இருந்தால் அனுமதி பெற்று வைக்கலாம், ஆனால் 3 லட்சத்தில் கணிசமான பகுதி பீடத்திலேயே போய்விடும். தெருவுக்குப் பெயர் வைப்பதற்கு உள்ளாட்சி மன்றத் தீர்மானத்தோடு அரசின் ஒப்புதலும் வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு அதை எதிர்பார்த்து உட்காராமல் மற்ற வேலையைப் பாருங்கள். கட்டடமாக ஏதாவது வேண்டும் என்றே ஊர் பிடிவாதம் பிடித்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாக உள்ளூர் அரசுப் பள்ளிக்கு எது தேவை என்று பார்த்துச் செய்யலாம். மாலை வகுப்பு அங்கேதான் நடக்கிறது என்றால் இன்னும் பொருத்தம்.

அறக்கட்டளையைப் பொறுத்தவரை, 3 லட்சத்துக்காகப் புதிதாகத் தொடங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்றால் 21,000 ரூபாய். முதலின் மதிப்பு தேயாமலிருக்க அதில் ஆறாயிரமாவது திரும்ப முதலில் சேர வேண்டும், மிச்சம் 15,000. இதிலிருந்து தணிக்கையாளர் கட்டணம், வருமான வரித் தாக்கல், வங்கிச் செலவு போனால் ஒரு மாணவருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக்கூடக் காணாது. தங்கப் பதக்கம் என்று அறிவித்தவர்களின் கதி இன்னும் மோசம்: போட்ட பணம் அப்படியே நிற்கும், தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் முலாம் பூசியதைத்தான் கொடுக்க வேண்டிவரும். அந்த 3 லட்சத்தை ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 60,000 என்று பிரித்து, வகுப்பு ஆசிரியர் தொகைக்கும் நான்கு முகாமுக்கும் மலருக்கும் மன்றக் கணக்கிலேயே தனித் தலைப்பில் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள். ஐந்தாண்டில் வேலை நிலைத்துவிட்டால் ஊர் தானாகக் கொடுக்கும்.

பதினைந்து, இருபது லட்சம் சேரும் என்ற நம்பிக்கை இருந்தால் அறக்கட்டளை பற்றிப் பேசலாம். ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, பான் எண் வாங்கி, வங்கிக் கணக்கு திறந்து, வருமான வரித் துறையில் 12ஏபி (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடையாளருக்கு வரிச்சலுகை) என்று வழங்கிவந்த பதிவுகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்பதால் பிரிவு எண்களைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணத்தில் பலரும் கோட்டைவிடும் இடங்கள் மூன்று. ஓர் அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை யார், எப்படி நியமிப்பது. கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும். அறக்கட்டளை நின்றுபோனால் சொத்து எந்த அமைப்புக்குப் போகும். அறங்காவலர்கள் ஐந்து அல்லது ஏழு பேர், அதில் குடும்பத்தார் இருவருக்கு மேல் வேண்டாம். செலவழிக்காமல் வைக்கும் மூலதனமாகக் கொடுக்கிறவரிடம் ‘இது மூலநிதிக்கு’ என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த ஆண்டு வருமானமாகக் கணக்காகிவிடும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் முன்னாள் மாணவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சம்பாத்தியத்தில் வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. குடியுரிமை மாறியிருந்தால், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு செயல்பட்டு, அந்த மூன்றாண்டில் 15 லட்ச ரூபாய் பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். ஆகவே புதிதாகத் தொடங்கிய நினைவு அறக்கட்டளைக்கு அது உடனே கிடைக்காது. ‘அண்ணே, என் அக்கவுண்ட்ல போடுங்க, நான் மாத்தித் தர்றேன்’ என்று குறுக்கு வழி சொல்பவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அஞ்சலிச் செய்தியில் யாருடைய சொந்த க்யூஆர் குறியீடும் போகக் கூடாது. மன்றக் கணக்கு எண் மட்டும்தான். படத்திறப்பு முடிந்த முப்பது நாளுக்குள் வரவு செலவை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த தலைவர் யார் என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. அவரைப் போலவே ஒருவரைத் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். ரத்தத்துக்கு ஒருவர், வகுப்புக்கு ஒருவர், கண்தானத்துக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள் என்று ஆறு பேராகப் பிரியுங்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் 12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் அவர் 1968-இல் மறைந்த பின்னும் வளர்ந்தது. அங்கேயே தங்கி வேலை பார்த்த மருத்துவர் சாந்தா 2021-இல் மறைந்த பின்னும் நடக்கிறது. மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் வெங்கடசாமி 2006-இல் போனார். மருத்துவமனையின் வேலை நிற்கவில்லை. அந்த வேலைகள் தனியாள் தலையில் இல்லாமல் பலர் கைக்கும் நடைமுறைக்கும் முன்பே போயிருந்தன. உங்கள் மன்றத்தில் அது தலைவர் இருக்கும்போது நடக்கவில்லை என்றால் இப்போது செய்யுங்கள். ஆறு பேரின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஓர் அட்டை ரத்த வங்கியிலும் தலைமையாசிரியர் அறையிலும் காவல் நிலையத்திலும் ஒட்டியிருக்கட்டும்.

ஆண்டு நிகழ்ச்சிக்கு மறைந்த நாளைவிடப் பிறந்த நாள் எனக்குப் பிடிக்கும். குடும்பத்தார் மறைந்த நாளில் வீட்டில் திதி கொடுப்பார்கள், அவர்களை அன்றைக்கு மேடைக்கு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் பிறந்த நாள் மார்ச்சில் பொதுத்தேர்வு நேரத்திலோ, ஐப்பசி கார்த்திகை அடைமழையிலோ விழுந்தால், தயங்காமல் தை மாதத்து ஞாயிறு ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும் முன், அவர்களில் யார் யாருக்கு மூன்று மாத இடைவெளி ஆகியிருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டால் முதல் முகாமை அன்றே முடித்துவிடலாம்.